பாதி முகத்தில் ரெட்டினால், ஆறு மாதம்: எது மாறியது, எது மாறவில்லை

#1 அந்திமல்லி

வயது 47. கண்ணுக்கு அடியில் மெல்லிய கோடுகள், சிரித்தால் கண்ணோரத்தில் விசிறி மாதிரி விரியும் சுருக்கம், இரண்டு புருவத்துக்கும் நடுவே நெடுக்காக ஒரு கோடு, கன்னங்களில் சில பழுப்புத் திட்டுகள். இரண்டே வாரத்தில் இளமை என்று எழுதிய டப்பாக்கள் அலமாரியில் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றாவது வேலை செய்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. போட்டுக்கொண்ட முகமும் என்னுடையது, ஆசையோடு பார்த்த கண்ணும் என்னுடையது. அப்புறம் எப்படித் தெரியும்?

அதனால் இந்தத் தடவை முகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இரவில் ஒரு பக்கம் 0.3 சதவீத ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) கலந்த லோஷன், மறுபக்கம் ரெட்டினால் இல்லாத சாதா லோஷன். ஒரே மாதிரி இரண்டு குப்பிகளில் என் தங்கைதான் ஊற்றிக் கொடுத்தாள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் நீல நூல். சிவப்பு இடது கன்னத்துக்கு, நீலம் வலதுக்கு. எதில் எது இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பகலில் முகம் முழுக்க ஒரே சன்ஸ்கிரீன்.

முதல் இரண்டு வாரத்திலேயே கண்ணடிக் கோடுகள் மங்கின. "அட, பிடித்துவிட்டோம்" என்று துள்ளினேன். ஆனால் இரண்டு பக்கமும் அல்லவா மங்கியிருக்கின்றன! மூன்றாவது வாரம் இடது மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது, முகம் கழுவினால் எரிச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்த பிறகு அடங்கியது.

மாதம் ஒரு படம். அதே ஜன்னல், அதே சுவர், காலை 7 மணி. ஆறு மாதம் முடிந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் நடுவில் வெட்டி, விவரம் சொல்லாமல் கூட வேலை செய்யும் மூன்று பேரிடம் காட்டினேன். எந்தப் பக்கம் அதிகம் தேறியிருக்கிறது என்று கேட்டேன். பழுப்புத் திட்டுக்கு மூவருமே இடதைக் காட்டினார்கள். கண்ணடிக் கோட்டுக்கு இரண்டு பேர் இடது, ஒருவர் "ஒன்றும் தெரியவில்லை". சிரிப்புச் சுருக்கத்துக்கும் புருவக் கோட்டுக்கும் மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கால்குலேட்டர்

அக்கா, முதலில் ஒரு கைதட்டு. விளம்பரத்தில் வரும் பல "ஆய்வு"களைவிட இது ஒழுங்கு. இப்போது குற்றம் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

தோல் உரிந்த அன்றே எந்தப் பக்கம் ரெட்டினால் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் நூலின் நிறத்துக்கு அர்த்தம் இல்லை. ரெட்டினாலின் வீரியமான உறவான ட்ரெட்டினாயின் என்ற மருந்தின் ஆய்வுகளுக்கும் இதே தலைவலி உண்டு: மருந்து கிடைத்தவருக்குச் சிவக்கும், உரியும். மூடி வைத்த ரகசியம் முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் எனக்குப் பிடித்தது உங்கள் வலது கன்னம்தான். ரெட்டினால் இல்லாமலே அது இரண்டு வாரத்தில் தேறியதே, அதில்தான் இந்தத் தொழிலின் பாதி ரகசியம் இருக்கிறது. தோலின் மேலடுக்குக் காய்ந்தால் கோடுகள் ஆழமாகத் தெரியும். ஈரம் ஏறினால் அந்த அடுக்கு உப்பும், கோடு ஆழம் குறைந்து தெரியும். எந்த மாய்ஸ்சரைசரும் இதைச் செய்யும். தங்கத்துகள், வைரத்துகள் எது கலந்த கிரீமும் இரண்டு வாரத்தில் பலன் காட்டுவதாகச் சொன்னால் பெரும்பாலும் அது தண்ணீர் செய்த வேலை. நிறுத்திச் சில நாளில் பழைய கோடு திரும்பிவிடும். அதனால்தான் முறையான சோதனையில் ஒன்றுமே போடாத முகத்தோடு ஒப்பிட மாட்டார்கள், மருந்து சேர்க்காத அதே கிரீம் போட்ட முகத்தோடு ஒப்பிடுவார்கள்.

ஒரு கேள்வி: எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்?

#3 அந்திமல்லி

வலது பக்கம். ஐயோ.

#4 கால்குலேட்டர்

அதேதான். ஆறு மாதமும் தலையணை வலது கன்னத்தை அமுக்கியிருக்கிறது. திட்டு மங்கியதற்கும் தலையணைக்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை, அதை நம்பலாம். கண்ணடிக் கோட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

#5 மருந்துச்சீட்டு

மருந்தகத்தில் இருபது வருடமாக நிற்கிறவன் என்ற முறையில் ரெட்டினால் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

இது ஒரு குடும்பம். வீட்டுத் தலைவர் ட்ரெட்டினாயின், அதாவது ரெட்டினாயிக் அமிலம். தோல் செல்லுக்குள் வேலை செய்வது அதுதான். ரெட்டினாலைப் பூசினால் தோல் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாக மாற்றி, பிறகு ரெட்டினாயிக் அமிலமாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழிந்துபோகும். சில டப்பாக்களில் ரெட்டினைல் பால்மிடேட் என்று இருக்கும், அதற்கு இன்னும் ஒரு படி கூடுதல். அதனால் ரெட்டினால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு.

ட்ரெட்டினாயின் 1971-ல் அமெரிக்காவில் பருவுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் தோல் வழவழப்பாகிவிட்டது என்று சொன்னதை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் கவனித்தார். 1986-ல் அவர் குழு வெயிலால் முதிர்ந்த தோலில் செய்த ஆய்வை வெளியிட்டது. மெல்லிய சுருக்கத்துக்கு என்று 0.05 சதவீதக் கிரீமுக்கு அனுமதி கிடைத்தது 1995-ல். அந்தக் கிரீமோடு வந்த விவரத்தாளிலேயே இது சுருக்கத்தை ஒழிக்காது என்று அச்சடித்திருந்தார்கள். இந்தத் துறையில் அவ்வளவு நேர்மையான தாளை நான் அதிகம் பார்த்ததில்லை.

1993-ல் வந்த ஓர் ஆய்வில் 10 முதல் 12 மாதம் பூசியவர்களின் தோலைத் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். ட்ரெட்டினாயின் பக்கம் முதல் வகைக் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) உருவாவது 80 சதவீதம் கூடியிருந்தது; வெறும் கிரீம் பக்கம் 14 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது ஈரம் உப்பிக் காட்டிய மாயம் அல்ல, அடியில் உண்மையாகவே ஏதோ நடக்கிறது. ஆனால் கால அளவைப் பாருங்கள். மல்லி அக்கா ஆறு மாதம் பொறுத்தார். என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வாரம் உரியும்போது "ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூடிவைத்துவிடுவார்கள்.

வீரியத்தைக் கூட்டினால் சீக்கிரம் நடக்கும் என்பதும் தப்புக் கணக்கு. 1995-ல் 0.1 சதவீதத்தையும் 0.025 சதவீதத்தையும் 48 வாரம் ஒப்பிட்டார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல் மட்டும் வீரியமானதில் 3 மடங்குக்குப் பக்கம். முகம் முழுவதுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்குங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இந்தக் குடும்பத்தின் பக்கமே போக வேண்டாம். ட்ரெட்டினாயினை மருத்துவர் எழுதித் தராமல் தொடவும் வேண்டாம்.

#6 நெடுஞ்சாலை

சரக்கு வண்டி ஓட்டுகிறேன், 19 வருடம் ஆகிறது. கிரீம் கதை எனக்குப் புரியாது, மனைவி இந்த இழையைக் காட்டினாள். ஜன்னல் பக்கத்துக் கன்னம் எனக்கு மறுபக்கத்தைவிட முரடு. அந்தப் பக்கக் கண்ணுக்குக் கீழே தோல் தொங்குகிறது. கண்ணாடியை ஏற்றித்தானே ஓட்டுகிறேன், அப்புறம் ஏன்?

#7 கால்குலேட்டர்

அண்ணே, உங்கள் முகம் ஒரு பாடநூல். புற ஊதாக் கதிரில் பி வகை தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும், அதைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகை சுடாது, வலிக்காது, கண்ணாடியைக் கடந்து வந்து தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனையும் மீள்நார்களையும் சிதைக்கும். வண்டியின் முன்கண்ணாடி இரண்டு தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, ஏ வகையையும் பெருமளவு நிறுத்தும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அப்படி அல்ல.

உங்களைப் போல ஒருவரின் படம் 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 69 வயது, 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் மட்டும் தோல் தடித்து, பள்ளம் பள்ளமாக மடிந்திருக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு வயது முகம். வயதாவதால் வருவது எவ்வளவு, வெயிலால் வருவது எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

அதனால்தான் என்னிடம் இளமைக் கிரீம் எது என்று கேட்டால் சன்ஸ்கிரீன் என்பேன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள். ஒரு குழுவினர் தினமும் பூசினார்கள், இன்னொரு குழுவினர் தோன்றியபோது பூசினார்கள். கையின் மேல்புறத்தில் சிலிக்கான் அச்சு எடுத்து, தோல் வரிகள் எவ்வளவு கரடாகியிருக்கின்றன என்று உருப்பெருக்கியில் மதிப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியானது. அவர்கள் பூசியது வெறும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) 15 வகைதான். அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால் பலன் எதுவும் தெரியவில்லை.

அளவுதான் முக்கியம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்பிஎஃப் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது அதில் பாதிகூட வராது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும்.

#8 நெடுஞ்சாலை

இரண்டு விரல் நீளமா? வியர்வையோடு வழிந்து கண்ணில் எரியுமே தம்பி. கை நீளச் சட்டையும் தொப்பியும் போடுகிறேன், கன்னத்துக்கு மட்டும் பூசிப் பார்க்கிறேன்.

#9 மட்டுறுத்துநர்

ஸ்டெம் செல் சீரம் விற்ற மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. நான்காவது வந்தால் கணக்கும் போகும்.

#10 ஊசிநூல்

தோல் சிகிச்சை மையம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். அந்திமல்லி, உங்கள் படம் பார்த்த மூவரும் சிரிப்புச் சுருக்கத்திலும் புருவக் கோட்டிலும் வித்தியாசம் இல்லை என்றார்களே, அது ரெட்டினாலின் தோல்வி அல்ல. கோடுகளில் வகை உண்டு. தோல் மெலிந்து விழும் மெல்லிய வரி வேறு, தசை சுருங்கிச் சுருங்கி மடிந்த கோடு வேறு, கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் குறைந்து சரிந்த பள்ளம் வேறு. கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளர்த்துங்கள். கோடு மறைந்து, முகம் சுளித்தால் திரும்ப வந்தால் அது தசைக்கோடு. அதற்குக் கிரீம் பூசுவது, கதவு கிறீச்சிடுகிறது என்று சுவருக்கு வண்ணம் அடிக்கிற மாதிரி.

தசைக்கோட்டுக்கு வேலை செய்வது போட்யூலினம் நச்சு ஊசி, அதாவது போடாக்ஸ் வகை. நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் அசிட்டைல்கோலின் என்ற செய்தியை அது தடுத்துவிடும், தசை ஓய்ந்துவிடும். வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர் 1987-ல் இமைத்துடிப்புக்கு இந்த ஊசி போட்டபோது, புருவக் கோடும் மறைவதை ஒரு நோயாளி சொல்லித்தான் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் சேர்ந்து 1992-ல் எழுதினார். புருவக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002-ல் வந்தது. போட்டுச் சில நாளில் தெரியும், இரண்டு வாரத்தில் முழுப்பலன், மூன்று நான்கு மாதத்தில் கலைந்துவிடும். கலைந்தால் பழைய கோடுதான், முன்பைவிட மோசமாகாது. பயந்து கேட்பவர்கள் தினமும் வருவதால் சொல்கிறேன்.

பள்ளத்துக்கு ஃபில்லர், அதாவது உள்ளே நிரப்பும் ஊசி. பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலக் கூழ். பிடிக்காவிட்டால் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் ஊசி தவறி ரத்தக்குழாயில் போனால் தோல் கருகும், அரிதாகப் பார்வையே போகும். போட்ட இடம் வெளிறினாலோ, வலி கூடினாலோ, கண் மங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. போடுகிறவர் மருத்துவரா, கரைக்கும் மருந்து அறையில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. "முன்", "பின்" படங்களை நானே எடுக்கிறவள். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் எல்லாக் கோடும் எழுந்து நிற்கும். நேராக, மெத்தென்ற வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் படுத்துவிடும். நாங்கள் தரையில் நாடா ஒட்டி, ஒரே இடத்தில் நிறுத்தித்தான் எடுப்போம். விளம்பரப் படத்தில் முதலில் கண்ணின் பாவையைப் பாருங்கள். விளக்கின் பிரதிபலிப்பு இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா?

#11 கத்தரிப்பூ

இதுவரை வெளியில் சொல்லாதது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மையத்தில் லேசர் செய்துகொண்டேன். எல்லாத் தோலுக்கும் பாதுகாப்பு என்றார்கள். என் நிறம் நல்ல மாநிறம். முதல் வாரம் சிவப்பு, அது எதிர்பார்த்தது. இரண்டாம் வாரம் இரண்டு கன்னத்திலும் கட்டம் கட்டமாகக் கருப்பு. லேசர் முனை பதிந்த வரிசை அப்படியே தெரிந்தது, யாரோ முத்திரை குத்தின மாதிரி. போன் செய்தால் "சரியாகிவிடும்". மங்க எட்டு மாதம் ஆயிற்று. சுருக்கத்துக்காகப் போனவள் சுருக்கத்தை மறந்தே போனேன்.

#12 ஊசிநூல்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அம்மா. உங்களுக்கு வந்தது அழற்சிக்குப் பிந்தைய நிறமேற்றம். நிறம் கூடிய தோலில் நிறம் தரும் மெலனின் செல்கள் எந்தக் காயத்துக்கும் கை ஓங்கிக்கொண்டு வரும். லேசர் ஆனாலும் பீல் (அமிலம் பூசித் தோலை உரிப்பது) ஆனாலும் ஆழம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

லேசர் ஏமாற்று அல்ல. 2004-ல் வந்த ஃபிராக்ஷனல் முறையில் தோலை முழுக்கச் சுடாமல் ஊசிமுனைத் தூண்களாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். அங்கிருந்து ஆறி வரும். கரடுக்கும் வெயில் முதிர்ச்சிக்கும் கிரீமைவிடப் பலன் அதிகம். ஆனால் கருவியைவிட அதைத் திருப்புகிற கை முக்கியம். ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் தோல் வகைகளைப் பிரித்தபோது வெள்ளைத் தோலுக்குத்தான் 4 வகை வைத்தார், பழுப்பும் கருப்பும் பிற்பாடு சேர்ந்தவை. பல கருவிகளின் அனுபவமும் அந்த வரிசையில்தான் வந்தது. என் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், படம் காட்டுங்கள் என்று கேட்கலாம். காதுக்குக் கீழே சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ரத்தத்தை எடுத்து முகத்தில் திருப்பிக் குத்தும் சிகிச்சைக்கும் ஒரு வார்த்தை. 2018-ல் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் இடத்தில் அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்றியது. சுத்தம் இல்லாத இடத்தில் ஊசி ஊசிதான், அழகு ஊசி என்று தனியாக ஒன்று இல்லை.

#13 பனித்துளி

எனக்கு 26. தோழிகள் எல்லாரும் கொலாஜன் பவுடர் குடிக்கிறார்கள், வைட்டமின் சி சீரம் போடுகிறார்கள். இப்போதே தொடங்காவிட்டால் பிந்திவிடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

#14 கால்குலேட்டர்

தங்கச்சி, பயம்தான் அங்கே விற்பனைச் சரக்கு.

கொலாஜன் கிரீம் கதை சுருக்கமானது. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் பெரிய மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம். கொலாஜன் 3 லட்சம் டால்டன். மேலே உட்கார்ந்து ஈரம் காக்கும், அவ்வளவுதான். குடிக்கிற கொலாஜன் வயிற்றில் துண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டுகள் தோலைத் தூண்டும் என்பது வாதம். 2025-ல் 23 சோதனைகளை, 1474 பேர் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் பலன் இருப்பதாகத் தெரிந்தது. நிறுவனப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் காணோம். தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் காணோம். மேற்கொண்டு நான் சொல்ல என்ன இருக்கிறது?

#15 மருந்துச்சீட்டு

வைட்டமின் சி-யில் விஷயம் இருக்கிறது, ஆனால் அது சண்டைக்கார சரக்கு. அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் போக அதன் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். குப்பியில் தேன் நிறத்துக்கு மாறி, பிறகு பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

ரெட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்குச்சியால் கேட்கிறார்கள். கார்போக அரிசி விதையில் இருக்கும் பொருள். 2019-ல் 44 பேரிடம் 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்டதில் சுருக்கமும் திட்டும் இரண்டிலும் ஒரே அளவு குறைந்தன, ரெட்டினால் பக்கம் உரிதலும் எரிச்சலும் கூடுதல். நல்ல செய்திதான், ஆனால் 44 பேர்தான். ட்ரெட்டினாயினுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது வருட ஆய்வுகளோடு இதை ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை.

பனித்துளி, 26 வயதில் சன்ஸ்கிரீனும், புகை பிடித்தால் அதை விடுவதும் போதும்.

#16 பழுத்த_இலை

எனக்கு 71. நெற்றிச் சுருக்கம் நான் சம்பாதித்தது. ஆளாளுக்குத் தோலை உரித்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

#17 கத்தரிப்பூ

ஐயா, உங்களை யாரும் "உடம்பு சரியில்லையா, களைப்பாக இருக்கிறீர்களே" என்று வாரம் மூன்று தடவை கேட்டிருக்க மாட்டார்கள். அதுவும் வேலையிடத்தில்.

#18 பழுத்த_இலை

அது உண்மைதான் அம்மா. கேட்டதில்லை.

#19 அந்திமல்லி

எல்லாருக்கும் நன்றி. புருவக் கோட்டைக் கண்ணாடி முன் சோதித்தேன். முகத்தைத் தளர்த்தினால் முக்கால்வாசி மறைகிறது. கணக்குப் பார்க்கும்போது முகம் சுளிப்பேன் என்று தங்கை சின்ன வயதிலிருந்தே சொல்வாள். ஊசி போட இன்னும் மனம் வரவில்லை, அதை அப்படியே விடுகிறேன்.

தலையணைக் கேள்விக்காக இரண்டாம் சுற்று தொடங்கியாகிவிட்டது. இம்முறை ரெட்டினால் வலது பக்கம், இடது பக்கத்துக்குச் சாதா லோஷன், படுப்பது பழையபடி வலதில். வலது கன்னம் தலையணையையும் மீறித் தேறினால் கால்குலேட்டர் தம்பி ஒத்துக்கொள்ள வேண்டும். தங்கையிடம் புதுக் குப்பி கேட்டபோது ஒரு விஷயம் வெளிவந்தது. போன தடவை மிஞ்சிய சிவப்பு நூல் குப்பியை அவளே இரண்டு மாதமாகப் பூசி வருகிறாள், முகம் முழுக்க. ஒப்பிட மறுபக்கம் இல்லை, படமும் எடுக்கவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்கிறாள்.

#20 கால்குலேட்டர்

அவர் எந்தப் பக்கம் படுப்பார்?